செயப்படுபொருள் ஆன மனிதர்: 'பாய்காட்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் கதை

ஆட்பெயர் வினைச்சொல்லாவது ஆங்கிலத்தில் அவ்வப்போது நடப்பதுதான். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் வேலைக்கு லூயி பாஸ்டர் பெயரில் ஒரு வினை இருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் குடும்பத்தோடு படிக்கக் கூசும் வரிகளை வெட்டிப் பதிப்பித்த தாமஸ் பௌட்லர் பெயரில் இன்னொன்று இருக்கிறது. பாஸ்டர் செய்ததைச் செய்தால் முதல் வினை, பௌட்லர் செய்ததைச் செய்தால் இரண்டாவது வினை. பெயருக்கு உரியவர்தான் எழுவாய். 'பாய்காட்' இந்த வழக்கத்துக்கு நேர் எதிரானது. சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் என்ற மனிதர் யாரையும் பாய்காட் செய்யவில்லை. ஊரார்தான் அவரைச் செய்தார்கள். பிறக்கும்போதே தன் செயப்படுபொருளின் பெயரைச் சூடிக்கொண்ட வினைச்சொல் இது.

இந்த இலக்கண விநோதத்தை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. நம் பள்ளிகளிலும் கையடக்க அகராதிகளிலும் இந்தச் சொல்லுக்குப் 'புறக்கணி' என்று ஒற்றைப் பொருள் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அதை மனப்பாடம் செய்த மாணவருக்குச் சொல் தெரியும். ஆனால் யார் யாரைச் செய்வது என்பது தெரியாது. இந்த வினையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் மேயோ மாவட்டம். அங்கே லாக் மாஸ்க் என்ற ஏரி, அதன் கரையில் ஒரு பண்ணை வீடு. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 1832இல் பிறந்து, கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்து, பிறகு அயர்லாந்தில் நிலம் பிடித்துக் குடியேறியவர் பாய்காட். ஊரார் அவரைக் 'கேப்டன்' என்றே அழைத்தார்கள். ஏர்ன் பிரபுவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த நிலங்களுக்கு அவர் காரியஸ்தர். குத்தகை வசூலிப்பது, கட்டாதவரை வெளியேற்றுவது அவர் பொறுப்பு. பிரபுவோ வெகுதூரம் தள்ளி, ஃபெர்மனா மாவட்டத்துக் கோட்டையில் இருந்தார். ஆகவே குத்தகைதாரர்களின் கண்ணுக்குத் தெரிந்த ஒரே அதிகார முகம் பாய்காட்டுடையது. கோழி வேலி தாண்டி வந்தால் அபராதம், கேட்டைத் திறந்துபோட்டுப் போனால் அபராதம் என்று சில்லறைக் கட்டுப்பாடுகள் பல விதித்தவர் அவர். பண்ணையில் விறகு பொறுக்கிக்கொள்ள இருந்த பழைய உரிமையையும் நிறுத்தினார்.

1870களின் கடைசி ஆண்டுகளில் விளைச்சல் தொடர்ந்து பொய்த்தது. 1840களின் பெரும் பஞ்சத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருந்த காலம் அது. 1879 அக்டோபரில் மைக்கேல் டேவிட்டின் முயற்சியால் அயர்லாந்து தேசிய நிலச் சங்கம் உருவானது. அதன் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், நாடாளுமன்ற உறுப்பினர். நியாயமான குத்தகை வேண்டும், கட்டுகிறவரை வெளியேற்றக் கூடாது, குத்தகை உரிமையை விற்க அனுமதி வேண்டும் என்பவை சங்கத்தின் கோரிக்கைகள்.

1880 செப்டம்பர் 19 அன்று எனிஸ் நகரில் பார்னெல் பேசினார். அண்டை வீட்டுக்காரன் வெளியேற்றப்பட்ட நிலத்தைப் போட்டி போட்டு எடுப்பவனை என்ன செய்யலாம் என்று கூட்டத்தைக் கேட்டார். சுடு என்று குரல் எழுந்தது. அதைவிட நல்ல, கிறிஸ்தவ நெறிக்கு ஒத்த வழி இருக்கிறது என்று சொன்ன பார்னெல், அந்த வழியை இடம் இடமாக விவரித்தார். சாலையில் எதிர்ப்பட்டாலும், கடையில் நின்றாலும், சந்தையிலும், ஏன் கோயிலிலும்கூட அவனோடு பேசாதீர்கள், பழங்காலத்தில் தொழுநோயாளியை ஒதுக்கியதுபோல் தனியே விட்டுவிடுங்கள் என்றார். பின்னால் நான் சொல்லப்போவதற்கு அந்தத் தொழுநோயாளி உவமை முக்கியம். யாரை ஒதுக்கி ஒதுக்கி அந்தச் சமூகம் பழகியிருந்ததோ, அந்தப் பழக்கத்தையே ஆயுதமாக எடுக்கச் சொன்னார் அவர்.

மூன்றே நாளில் லாக் மாஸ்க்கில் அது சோதனைக்கு வந்தது. குத்தகையில் 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள் மக்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பர் 22 அன்று கோர்ட் அமீனா 17 போலீஸாருடன் வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க வந்தார். சில வீடுகளில் கொடுத்தும்விட்டார். அதற்குள் செய்தி பரவிப் பெண்கள் திரண்டு வந்து கல்லும் சேறும் சாணமும் எறிய, அமீனாவும் போலீஸாரும் பாய்காட் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் புதிது. பண்ணை ஆட்கள் வேலையை விட்டு நின்றார்கள். வீட்டு வேலைக்காரர்கள் போனார்கள். கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார், துணி வெளுக்கும் பெண் வரவில்லை, தபால் கொண்டுவரும் பையன் நின்றுபோனான், பக்கத்து ஊரான பாலின்ரோப்பின் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். பாய்காட்டை யாரும் அடிக்கவில்லை. பணம் இருந்தது, துப்பாக்கி இருந்தது, அரசாங்கம் பின்னால் இருந்தது. ரொட்டி மட்டும் கிடைக்கவில்லை. அறுவடைக்கு நின்ற பயிரை எடுக்க ஆள் இல்லை.

அக்டோபர் 18 அன்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அவருடைய கடிதத்தை வெளியிட்டது. உடனே அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து ஆரஞ்சு சங்கம் என்ற புராட்டஸ்டண்ட் அமைப்பைச் சேர்ந்த 50 தொண்டர்கள் அறுவடைக்குப் புறப்பட்டார்கள். அவர்களைக் காக்கப் படைவீரர்களும் போலீஸாருமாக ஏறத்தாழ 1,000 பேர். நவம்பர் 12 அன்று லாக் மாஸ்க் வந்து இரண்டு வாரம் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் தோண்டினார்கள். பயிரின் மதிப்பு அதிகம் போனால் 500 பவுண்டு. செலவோ 10,000 பவுண்டு அளவில் என்று கணக்கிட்டார்கள். நவம்பர் 27 அன்று தொண்டர்களோடு பாய்காட்டும் குடும்பத்துடன் வெளியேறினார். டப்ளினில் அவருக்கு அறை கொடுத்த விடுதிக்காரருக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1 அன்று கப்பலேறினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு பண்ணைக்குக் காரியஸ்தராக இருந்து 1897இல் இறந்தார்.

இனி சொல்லுக்கு வருவோம். அதை உண்டாக்கியவர் யார் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், நிலப் போராட்டத்தைப் பற்றி எழுத அயர்லாந்து வந்தவர். உள்ளூர்ப் பங்குத்தந்தை ஜான் ஓ'மாலியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்தச் செயலுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்ததாக ரெட்பாத் எழுதியிருக்கிறார். பண்டைய ஏதென்ஸில் ஒருவரை வாக்களித்து நாடு கடத்தும் முறைக்கு இருந்த கிரேக்கச் சொல் அவர்கள் பேச்சில் வந்தது. அது குடியானவர்களுக்குப் புரியாது என்று பாதிரியார் தள்ளிவிட்டார். பிறகு நெற்றியைத் தட்டிக்கொண்டு, 'பாய்காட் செய்வது' என்றே சொன்னால் என்ன என்று கேட்டாராம். நவம்பர் 20 அன்று 'டைம்ஸ்' செய்தியில் இந்த வினை மேற்கோள் குறிக்குள், பெரிய எழுத்தில் தொடங்கி அச்சேறியது. அந்தச் செய்தி மேயோவைப் பற்றியதுகூட அல்ல, லிமரிக் மாவட்டத்து ஊர் ஒன்றைப் பற்றியது. பாய்காட் இன்னும் லாக் மாஸ்க்கில் இருந்தபோதே அவர் பெயரிலுள்ள வினை வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கொஞ்ச காலத்தில் மேற்கோள் குறி உதிர்ந்தது, பெரிய எழுத்து சிறிய எழுத்தானது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகள் அந்தந்த ஒலிக்கேற்ப எடுத்துக்கொண்டன.

செயல் அதற்கு முன்னும் உலகில் இருந்ததுதான். அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தொடமாட்டோம் என்று 1791இலேயே இங்கிலாந்தில் பல்லாயிரம் குடும்பங்கள் உறுதி பூண்டிருந்தன. ஆனால் அதற்கு ஒரு வினைச்சொல் இல்லை. பெயர் கிடைத்த பிறகுதான் ஒரு செயல் ஊர்விட்டு ஊர் எளிதில் பயணம் செய்கிறது. ஒரு பாதிரியார் உணவு மேசையில் செய்த காரியத்தின் பெருமை அதுதான். அந்தப் பாதிரியார் பெயரிட்ட செயலை 1888இல் வாடிகன் கண்டித்து ஆணை அனுப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயன்பாட்டில் நம் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. இது நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும் வினை. இடையில் முன்னிடைச் சொல் எதுவும் வராது. பெயர்ச்சொல்லாகவும் இதே வடிவில் நிற்கும். கடைசியில் இரண்டு 'டி' உண்டு. இவையெல்லாம் ஒரு நாளில் கற்றுக்கொள்ளக்கூடியவை. கடினமானது பொருளின் எல்லை. எங்கள் பகுதியை அரசு புறக்கணிக்கிறது என்று தமிழில் சரியாகச் சொல்கிறோம். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது அகராதி சொன்னபடி பாய்காட் என்று போட்டால் வாக்கியம் பிழையாகிவிடும். சாலை போடாமல், குழாய் வைக்காமல் விடுவது அலட்சியம். அதற்கு ஆங்கிலத்தில் 'நெக்லெக்ட்' என்ற வேறு வினை இருக்கிறது. பாய்காட் அலட்சியத்தால் வராது. ஏற்கெனவே இருக்கும் கொடுக்கல் வாங்கலை, ஒரு குறையைச் சொல்லி, பலர் சேர்ந்து, தெரிந்தே அறுப்பது அது. வாங்கியே இராத பொருளை வாங்காமல் இருப்பதும் பாய்காட் ஆகாது. தேர்தல், விழா, விளையாட்டுப் போட்டி, கடை, சரக்கு, மனிதர் ஆகியவை இந்த வினைக்குச் செயப்படுபொருளாக வரும். வேலையை நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக்' தனியே உண்டு. வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யவோ நீதிமன்றப் புறக்கணிப்புக்கு அழைக்கவோ உரிமை இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும் அந்த இரண்டையும் தனித்தனிச் சொற்களாலேயே குறித்தது.

தமிழ் இந்தச் சொல்லை எப்படி வாங்கிக்கொண்டது என்பதே ஒரு தனி வரலாறு. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் வங்கப் பிரிவினைக்கு எதிராக அந்நியப் பொருள் விலக்கு தீர்மானமான பிறகு, சுதேசிக் காலத் தமிழ்ப் பத்திரிகைகள் வடமொழியிலிருந்து 'பகிஷ்காரம்' என்ற சொல்லை எடுத்தாண்டன. தமிழகத்தில் பிற்பாடு 'புறக்கணிப்பு' அதன் இடத்தைப் பிடித்தது. இலங்கைத் தமிழில் பகிஷ்கரிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே வேலைநிறுத்தத்தையே 'பணிப்பகிஷ்கரிப்பு' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எழுப்பிய அழைப்பால் வடக்கின் நான்கு தொகுதிகளில் யாரும் வேட்புமனு கொடுக்கவில்லை. அரசாங்க சபையில் அந்த இடங்கள் காலியாகவே கிடந்தன. அந்நாளைய இளைஞர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்த நாட்களில், தொழிலாளருக்கு எதிராக நின்ற ஒரு வக்கீலுக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு எழுந்து போய்விட்டார் என்பது வ.உ.சிதம்பரனாரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் செய்தி. மேயோவின் கொல்லரும் வெளுக்கும் பெண்ணும் செய்ததும் இதுவே. எந்தக் கை இல்லாமல் பெரிய மனிதரின் ஒரு நாள் நகராதோ, அந்தக் கை தன்னை விலக்கிக்கொள்கிறது. ஆனால் நாவிதரும் வண்ணாரும் வராமல் செய்வது தமிழ்க் கிராமத்துக்குப் புதிதே அல்ல. ஊர்விலக்கு என்றும் சாதிவிலக்கு என்றும் ஒதுக்கிவைப்பு என்றும் அதற்குப் பல பெயர்கள் உண்டு. பஞ்சாயத்து விதிக்கும் தண்டனையாக, கட்டை மீறிய குடும்பத்தின் மேல், கீழே உள்ளவன் மேல் அது பாய்ந்தது. தூத்துக்குடியில் அது மேல்நோக்கித் திரும்பியதுதான் புதுமை.

இந்தத் திசை வேறுபாட்டைக் கூர்ந்து கவனித்தவர்கள் மூன்று பேர், இருவர் ஒரே முடிவுக்கு வந்தார்கள், மூன்றாமவர் வேறு முடிவுக்கு வந்தார். 1919 நவம்பரில் டெல்லியில் நடந்த கிலாபத் மாநாட்டில் ஹஸ்ரத் மொஹானி பிரிட்டிஷ் சரக்கைப் பகிஷ்கரிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். காந்திக்கு அதில் உடன்பாடில்லை. தன் மனதில் இருந்த வேறு வழியைச் சொல்ல இந்தியிலோ உருதுவிலோ சொல் அகப்படாமல் 'நான்-கோஆப்பரேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை அந்த மேடையில்தான் முதல்முறை பயன்படுத்தியதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாம் ஒத்துழையாமை என்று சொல்வது அதைத்தான். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாட்கள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். அதற்குத் தலைமை ஏற்ற மார்ட்டின் லூதர் கிங்குக்கும் தொடக்கத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. நிறவெறி கொண்ட வெள்ளையர் குழுக்கள் கறுப்பின மக்களின் வேலையையும் கடனையும் பறித்து மிரட்டியதும் பாய்காட் முறையில்தானே, நாமும் அதையே செய்வது அறமா என்று கேட்டுக்கொண்டார். தீமையோடு ஒத்துழைக்க மறுப்பதே தங்கள் செயல் என்று தெளிந்த பின் பாய்காட் என்ற சொல்லை அரிதாகவே பயன்படுத்தியதாக 1958இல் வந்த தன் நூலில் சொல்கிறார். இரண்டு கண்டங்களில், 36 ஆண்டு இடைவெளியில், இரண்டு தலைவர்கள் ஒரே வினைச்சொல்லிலிருந்து விலகி ஒரே மாற்றுக்குப் போயிருக்கிறார்கள்.

அம்பேத்கருடைய பாதை வேறு. அந்தச் சொல்லுக்குச் செயப்படுபொருளாக இருந்தவர்களின் தரப்பு அவருடையது. 1924இல் அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை. 1927இல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பகிஷ்கிருத பாரத்'. பகிஷ்கரிக்கப்பட்டவர்களின் இந்தியா என்பது பொருள். மற்றவர்கள் எழுவாயில் நின்று பேசிய காலத்தில் அவர் செயப்பாட்டு வினையில் பேசினார். கூலியும் குத்தகை நிலமும் கடைச் சாமானும் நடக்கிற பாதையும் ஆதிக்க சாதியின் கையில் இருக்கும் ஊரில், சேரியை ஒதுக்கி வைத்தால் அடிக்கவே வேண்டாம், பட்டினியே போதும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கு அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற திட்டத்தில் பாய்காட்டைக் குற்றமாக்கும் விதிகளைச் சேர்த்தார். அவற்றை 1922ஆம் ஆண்டின் பர்மா பாய்காட் தடைச் சட்டத்திலிருந்து சிறு மாற்றங்களோடு எடுத்ததாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். பர்மியத் தேசியவாதிகளின் தேர்தல் பகிஷ்கரிப்பை நசுக்க ஆங்கிலேயர் போட்ட சட்டம் அது. ஆள்பவனைக் காக்க எழுதியதை ஒடுக்கப்பட்டவனைக் காக்கத் திருப்பினார். இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த இடம் இது.

அவர் அஞ்சியது கற்பனை அல்ல என்பதற்கு ஐரோப்பாவே சான்று. 1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் நாஜிப் படையினர் யூதர்களின் கடை வாசல்களில் நின்று வாங்க வருபவர்களைத் தடுத்தார்கள். அதற்கும் அவர்கள் வைத்த பெயர் பாய்காட். 53 ஆண்டுக்கு முன் மேயோவில் பிறந்த அதே சொல். அரசாங்கமே பின்னால் நின்று, ஒரு சிறுபான்மை மக்களின் மேல் செய்த காரியத்துக்கு அதே வினை பயன்பட்டது. லாக் மாஸ்க்கில் 1,000 பேர் கொண்ட அரசுப் படை செயப்படுபொருளின் பக்கம் நின்றது. பெர்லினில் அது எழுவாயின் பக்கம் நின்றது. அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் இருக்கும்.

இந்தியச் சட்டம் காலம் தாழ்த்தியேனும் இந்த வேறுபாட்டை எழுத்தில் வைத்திருக்கிறது. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூகப் புறக்கணிப்பு என்றால் என்ன, பொருளாதாரப் புறக்கணிப்பு என்றால் என்ன என்று அது வரையறுக்கிறது. வேலை தர மறுப்பது, வணிகம் செய்ய மறுப்பது, வழக்கமான சேவைகளைத் தடுப்பது, உறவைத் துண்டித்துத் தனிமைப்படுத்துவது எல்லாம் அந்த வரையறையில் வருகின்றன. இந்த மக்கள் மீது அப்படிச் செய்தாலும், செய்வோம் என்று மிரட்டினாலும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களும் ஆங்கில–தமிழ் அகராதி தொகுப்பவர்களும் இந்த வினைக்கு இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களையாவது தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குத்தகைதாரர்கள் காரியஸ்தரைப் பாய்காட் செய்தார்கள் என்று ஒன்று. ஊர்க்காரர்கள் அந்தத் தெருவின் பட்டியல் சாதி மக்களைப் பாய்காட் செய்தார்கள் என்று மற்றொன்று. இரண்டாவது வாக்கியத்தில் உள்ளது நம் நாட்டில் குற்றம் என்பதையும் மாணவர்களுக்கு அந்த வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.